மூக்கு கனத்த ஆர்வி-8: கழற்றி மாட்டும் பாலாஸ்டை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது?

கேள்வி — கொட்டகைக்காரன், வட டெக்சாஸ்

வணக்கம். ஆறரை ஆண்டுகள் வீட்டுக் கார் கொட்டகையில் கட்டிய என் ஆர்வி-8 (இரண்டு இருக்கை கொண்ட, வால்சக்கரமுள்ள சிறு விமானம்) சென்ற வசந்தத்தில் முதன்முறை பறந்தது. விதிப்படி தனியே பறந்து முடிக்க வேண்டிய 40 மணி நேரச் சோதனைக் காலத்தில் இப்போது 22 மணி நேரம் முடிந்திருக்கிறது. பொதுவாக எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் தரையிறங்கும்போது மட்டும் விமானம் மூக்குக் கனமாக இருக்கிறது.

இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃப்ளாப்பை முழுவதும் இறக்கி, இஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்து, ஓடுதளத்துக்கு ஓரடி மேலே மூக்கைத் தூக்க ஸ்டிக்கை இழுத்தால், அது என் வயிற்றில் வந்து முட்டிய பிறகும் வால் இறங்க மறுக்கிறது. மூன்று சக்கரங்களும் ஒருசேரத் தரையைத் தொட வேண்டிய இடத்தில் முன் சக்கரங்கள் மட்டும் தட்டி, விமானம் தவளைபோல இரண்டு முறை துள்ளுகிறது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு எலிவேட்டர்; ஸ்டிக்கின் பாரத்தைக் குறைக்கும் அதன் ட்ரிம், இறங்கி வரும் பாதையிலேயே கடைசி எல்லைக்குப் போய்விடுகிறது. சிறிது பவர் வைத்துக்கொண்டு இறங்கினால் சமாளிக்க முடிகிறது என்றாலும், நான் இறங்குவது 2,400 அடி புல்தரை ஓடுதளம். அங்கே அந்தப் பழக்கம் நீண்ட நாள் உதவாது.

காரணம் எனக்குத் தெரியும். 200 குதிரைத் திறன் கொண்ட லைகமிங் ஐஓ-360 இஞ்சினையும், உலோக அலகுகள் கொண்ட கான்ஸ்டன்ட் ஸ்பீட் ப்ரொப்பெல்லரையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். பின் சாமான் அறைக்கு அருகே வைத்திருந்த ஈய பேட்டரிக்குப் பதிலாக, ஏறத்தாழ பத்து பவுண்டு குறைவான லித்தியம் பேட்டரியைப் பொருத்தியதும் நான்தான்.

கணக்கு இது. தூரங்களை அளக்கத் தொடங்கும் டேட்டம் கோடு இறக்கையின் முன் விளிம்புக்கு 70 அங்குலம் முன்னால் இருக்கிறது. ஈர்ப்பு மையம் 78.7 அங்குலத்துக்கும் 86.82 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். என் விமானத்தின் வெற்று எடை 1,125 பவுண்டு. அதன் மையம் 76.5 அங்குலத்தில் இருக்கிறது. முன் இருக்கை 91.78 அங்குலத்திலும், பின் இருக்கை 119.12 அங்குலத்திலும், எரிபொருள் 80 அங்குலத்திலும், பின் சாமான் அறை 138 அங்குலத்திலும் உள்ளன. 150 பவுண்டு எடையுள்ள நான் பத்து கேலன் பெட்ரோலுடன் இறங்கும்போது மொத்த எடை 1,335 பவுண்டு ஆகிறது, மையம் 78.37-இல் நிற்கிறது. அதாவது, முன் எல்லைக்கும் வெளியே.

சோதனைக் காலம் முடிந்ததும் என் மனைவி பின் இருக்கையில் அமர்வார். அப்போது இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும். ஆகவே நிரந்தரமாக எடை சேர்க்க எனக்கு விருப்பமில்லை. தேவையானபோது வைத்து, தேவையற்றபோது எடுக்கக்கூடிய பாலாஸ்டை, அதாவது சமன் எடையை, எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எப்படிக் கட்டுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 — தராசு

பாலாஸ்ட் வாங்கக் கடைக்குப் போகும் முன், விமானத்தை இன்னொரு முறை எடை போடுங்கள். இதை நான் சடங்குக்காகச் சொல்லவில்லை.

வால்சக்கர விமானத்தை எடை போடும்போது வாலைத் தூக்கி, காக்பிட் ஓரத்து நீளச் சட்டங்களான லாஞ்சரான்கள் மட்டமாக இருக்கும்படி நிறுத்துகிறோம். அந்த நிலையில் ஏறத்தாழ மொத்த எடையும் முன் சக்கரங்களில்தான் விழுகிறது; வால் தராசில் தெரிவது மிகச் சிறிய எண். ஆனால் அந்தச் சிறிய எண்ணின் கையோ, அதாவது டேட்டத்திலிருந்து அதற்குள்ள தூரமோ, மிக நீளம். உங்கள் வால்சக்கரம் டேட்டத்திலிருந்து சுமார் 250 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வால் தராசில் ஐந்து பவுண்டு பிழை நேர்ந்தாலே உங்கள் வெற்று மையம் முக்கால் அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடும். எல்லைக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியோ வெறும் 0.33 அங்குலம். முன் சக்கரத் தராசில் அதே ஐந்து பவுண்டு பிழை நேர்ந்தால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

ஆகவே மூன்று விஷயங்களைப் பாருங்கள். வாலைத் தாங்கிய முக்காலியோ மரக்கட்டையோ எவ்வளவு எடை, அதை எத்தனை முறை கழித்தீர்கள் என்று பாருங்கள். இரண்டு முறை கழித்தவர்களையும், கழிக்கவே மறந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சக்கர அச்சுகளின் தூரத்தை வரைபடத்திலிருந்து எடுக்காமல், தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தீர்களா என்று பாருங்கள். தராசுகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றி இன்னொரு முறை எடை எடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் எரிபொருள் 80 அங்குலத்தில் இருக்கிறது, மையமோ அதற்கு முன்னால் இருக்கிறது. எனவே பெட்ரோல் எரிய எரிய உங்கள் மையம் மேலும் முன்னுக்குத்தான் போகும். தொட்டியை நிரப்பிக்கொண்டு, அதாவது 42 கேலனுடன், கணக்குப் போட்டால் 78.58 வரும், தொட்டி காலியானால் 78.30 வரும். மூக்குக் கனத்தை எப்போதும் குறைந்த எரிபொருளில் கணக்கிடுங்கள். பின்பாரத்தால் மையம் 80-க்குப் பின்னால் போகும்போதும் மோசமான நிலை குறைந்த எரிபொருள்தான். இரு பக்கமும் ஒரே மாதிரி கடிக்கும் விமானம் இது.

பதில் 2 — ரிவெட்

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வால்சக்கர ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு ஈயக் கட்டியை போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். கை நீளம் அதிகம் என்பதால் எட்டு ஒன்பது பவுண்டு போதும். பத்து பவுண்டு மிச்சம் பிடிக்க லித்தியம் பேட்டரிக்குக் காசு கொடுத்துவிட்டு, இப்போது இருபத்தைந்து பவுண்டு ஈயத்தைச் சாமான் அறையில் சுமக்கப் போகிறீர்களா? பழைய பேட்டரியைத் திரும்பப் பொருத்தினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பதில் 3 — பழைய ஆர்வி

நண்பர் பேட்டரியைப் பற்றிச் சொன்னது சரி. எடை எப்படியும் வேண்டுமென்றால், விமானத்துக்குப் பயன்படும் பொருளாக அது இருப்பது நல்லது. கருவிப்பை, தரையில் கட்டும் கயிறுகளும் முளைகளும், ஒரு லிட்டர் ஆயில் என எப்போதும் உடன் வரும் பொருள்களைப் பின் சாமான் அறையின் கடைசிக்குத் தள்ளிவைத்தால், அவையும் கணக்கில் பங்கெடுக்கும்.

ஆனால் வாலில் நிரந்தரக் கட்டி வைக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். கேள்வி கேட்டவரின் எண்களை வைத்தே பார்ப்போம். மையத்தை 79.5-க்குக் கொண்டுவர, 250 அங்குலத்தில் 8.8 பவுண்டு, அதாவது ஒன்பது பவுண்டு தேவை. பின்னொரு நாள் 220 பவுண்டு எடையுள்ள நண்பர் பின்னால் அமர்கிறார், சாமான் அறையில் 75 பவுண்டு இருக்கிறது, ஐந்து கேலன் பெட்ரோல் மிச்சமிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டி இல்லாவிட்டால் மையம் 86.74-இல், பின் எல்லைக்குச் சற்று உள்ளே நிற்கும். கட்டி இருந்தால் 87.65. தனியாகப் பறக்கும்போது கிடைத்த வசதிக்கு, இருவராகப் பறக்கும்போது விலை கொடுக்க நேரிடும். முன் எல்லையைத் தாண்டினால் தரையிறக்கம்தான் கெடும். பின் எல்லையைத் தாண்டினால் விமானமே கைமீறிப் போகும். மேலும், வால் நுனியில் கனத்தைக் குவித்தால் ஸ்பின்னிலிருந்து, அதாவது விமானம் சுழன்றபடி விழும் நிலையிலிருந்து, மீள்வதும் கடினமாகும். ஆர்வி-8-இல் எல்லோரும் ஒரு நாள் குட்டிக்கரணம் போடத்தான் போகிறார்கள்.

கழற்றும் பாலாஸ்டுக்குச் சூத்திரம் எளிது: மொத்த எடையை, மையம் நகர வேண்டிய தூரத்தால் பெருக்கி, விரும்பும் மையத்துக்கும் பாலாஸ்ட் இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லையை வெறுமனே தொடுவதற்குச் சாமான் அறையில் ஏழு பவுண்டுக்குச் சற்று அதிகம் போதும். ஆனால் எல்லைக் கோட்டில் நிற்கும் விமானம் எப்படி இறங்கும் என்பதை உங்கள் முதுகெலும்பு ஏற்கெனவே அறியும். 79.5 என்ற இலக்குக்கு ஏறத்தாழ 26 பவுண்டு தேவை.

துப்பாக்கித் தோட்டா தயாரிப்போர் வாங்கும் ஈயக் குண்டுகள் 25 பவுண்டுப் பைகளாகக் கடைகளில் கிடைக்கும். பலரும் அதையே பயன்படுத்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடைப்பையை அப்படியே வைக்கக் கூடாது. தையல் பிரிந்தால், மிளகளவு ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் தரைத் தகட்டின் துளைகள் வழியே இறங்கி, எலிவேட்டர் தள்ளுதண்டு போகும் பாதைக்குப் போய்விடும். தடித்த கான்வாஸில் இன்னொரு உறை தைத்து, இரட்டைத் தையல் போட்டு, அதற்குள் வையுங்கள்.

கட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ரப்பர் கயிறு போதாது. நெருக்கடித் தரையிறக்கத்துக்குப் பழைய கணக்கான ஒன்பது ஜியை, அதாவது எடையைப் போல் ஒன்பது மடங்கு விசையை, எடுத்துக்கொண்டாலே, 25 பவுண்டுப் பை உங்கள் பின்தலையை நோக்கி 225 பவுண்டு விசையுடன் பாயும். எதிர்மறை ஜியில் அது மேலே எழும்பி, பின் தடுப்புத் தகட்டைத் தாண்டி வால் கூட்டுக்குள் விழுந்துவிட்டால், எலிவேட்டரின் அசைவையே முடக்கலாம். எனவே தரைத் தகட்டை வலுப்படுத்தும் ஸ்டிஃப்னர்களில் பிடிமானமுள்ள நான்கு வளையங்களும், அவற்றில் கோக்கும் சீட்பெல்ட் நாடாவும் வேண்டும். தகட்டுக்கு மட்டும் திருகு போட்டால், தகடே கிழிந்து வரும்.

சாமான் அறைக்கு 75 பவுண்டு எல்லை என்றால், பாலாஸ்ட் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் கூடுதல் அல்ல. வளையங்களைப் பொருத்தினால் அது வெற்று எடையில் சேரும். லாக்புக்கில் ஒரு வரி எழுதி, எடைத் தாளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் எடைச் சமன் கையேடு இரண்டு வகைப் பாலாஸ்டையும் பிரித்துச் சொல்கிறது: நிரந்தரக் கட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ‘எடுக்காதே’ என்று எழுத வேண்டும், தற்காலிகப் பையில் அதன் எடையையும், எடுத்தால் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

பதில் 4 — கிளைடர் ஓட்டி

நான் ஆர்வி கட்டியவன் இல்லை. இஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில், ஒரு கிளப்பில் பறப்பவன். எங்களுக்குச் சிக்கல் தலைகீழ்: விமானி ஒல்லியாக இருந்தால் மூக்கில் ஈயத் தகடு வைக்க வேண்டும். ‘இத்தனை பவுண்டுக்குக் குறைந்த விமானி பறக்கக் கூடாது’ என்ற அறிவிப்பு காக்பிட்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே பாலாஸ்ட் எங்களுக்குத் தினசரிப் பழக்கம். அதனால் எங்களுக்கு வரும் தொல்லையும் ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதை மறந்துபோவது.

எங்கள் கிளப்பில் ஒரு முறை காலையில் பறந்த ஒல்லியான மாணவருக்காக இரண்டு தகடுகள் வைத்தோம். மதியம் இன்னொருவர் அவற்றை எடுத்தார். மாலையில் அதே மாணவர் திரும்ப வந்தார்; தகடுகள் இன்னும் உள்ளே இருப்பதாக நம்பிக்கொண்டே பெல்ட்டைக் கட்டினார். கிளைடரை இழுக்கும் கயிற்றை மாட்ட வந்தவர் தற்செயலாகத் தகடுகளைப் புல்லில் பார்த்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து, காக்பிட்டின் கண்ணாடி மூடியான கானப்பியை மூடும் முன் தகடுகளின் எண்ணிக்கையை விமானி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கயிறு மாட்டுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம்.

உங்கள் விமானத்தில் பை சாமான் அறையில் இருந்தால், இருக்கைக்குப் பின்னால் மறைந்துவிடும். பழைய ஆர்வி தந்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 220 பவுண்டு நண்பர், 75 பவுண்டு சாமான், மையம் 86.74. அந்த 25 பவுண்டுப் பை அங்கே இருப்பது நினைவில்லாமல் போனால், மையம் 87.53-க்குப் போய்விடும். தாளில் எல்லாம் சரியாக இருக்கும், விமானத்தில் இராது.

ஆகவே என் யோசனை: பாலாஸ்டைப் பின் இருக்கையில் வையுங்கள். கை நீளம் குறைவு என்பதால் எடை கூடும். உங்கள் எண்களுக்குச் சுமார் 38 பவுண்டு வரும். ஆனால் அந்த இருக்கையின் பெல்ட் ஒரு முழு மனிதரைத் தாங்கவே பொருத்தப்பட்டது, புதிதாக எந்த வளையமும் தேவையில்லை. பை இருக்கையில் இருக்கும்வரை எவரும் அங்கே உட்கார முடியாது. உட்கார வேண்டுமென்றால் எடுத்தே ஆக வேண்டும். மறதிக்கு அங்கே இடமில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. பின் இருக்கையிலும் ஸ்டிக் இருக்கிறதல்லவா? அதைக் கழற்றிவிட்டுத்தான் பையை வைக்க வேண்டும். பை சரிந்து ஸ்டிக்கின் மேல் சாய்ந்தால், நீங்கள் இழுக்கும் நேரத்தில் அது மறுக்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி — கொட்டகைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், தராசு இரவல் கிடைக்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது.

தராசு ஐயா சொன்னது அப்படியே நடந்தது. வாலைத் தாங்கிய முக்காலி மூன்று பவுண்டு. முதல்முறை எடை போட்டபோது, முக்காலியை வைத்துவிட்டுத் தராசைப் பூஜ்யமாக்கியிருக்கிறேன். பிறகு தாளில் எழுதும்போது அதே மூன்று பவுண்டை இன்னொரு முறை கழித்திருக்கிறேன். பழைய நோட்டில் என் கையெழுத்திலேயே அது இருக்கிறது, மறுக்க வழியில்லை. திருத்திய வெற்று எடை 1,128 பவுண்டு, மையம் 76.96. என்னையும் பத்து கேலனையும் சேர்த்தால் 78.76, அதாவது எல்லைக்கு உள்ளே ஒரு மயிரிழை. சட்டப்படி நான் இதுவரை தவறு செய்யவில்லை என்பது ஆறுதல். ஆனால் விமானத்துக்கு அந்தத் தாளைப் பற்றிக் கவலையில்லை, அது இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

79.5-க்குக் கொண்டுவர இப்போது சாமான் அறையில் 17 பவுண்டு போதும். பின் இருக்கையில் வைத்தால் 25 பவுண்டு. கடையில் விற்கும் ஒரு பையின் எடையே 25 பவுண்டு என்பதைக் கண்டதும், பின் இருக்கை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஈயம் வாங்கும் முன் தண்ணீரில் சோதித்தேன். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்று மேல். மூன்று பால் கேன்களில் நிரப்பி, மூடிகளை டேப்பால் சுற்றி, மூன்றையும் ஒரு பயணப்பையில் இறுக்கி, இருக்கை பெல்ட்டையும் தோள் பெல்ட்டையும் அதன் கைப்பிடிகள் வழியே கோத்துப் பூட்டினேன். பின் ஸ்டிக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். முதலில் உயரத்தில் போய், ஃப்ளாப்புடன் இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையைச் சோதித்தேன். முன்பு எட்டாத ஸ்டால் இப்போது தெளிவாக வந்தது. பிறகு இறங்கினேன். ஸ்டிக் வயிற்றைத் தொட இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும்போதே வால் இறங்கியது, மூன்று சக்கரங்களும் சேர்ந்தே புல்லைத் தொட்டன. ட்ரிம்மிலும் கொஞ்சம் மீதி இருந்தது. அன்று ஐந்து முறை இறங்கினேன். ஒரு முறை துள்ளியது, அது என் பிழை.

இப்போது ஈயப்பை வந்துவிட்டது. என் மனைவி கூடாரக் கான்வாஸில் உறை தைத்து, பெல்ட் நுழைய இரண்டு காதுகளும் வைத்துக் கொடுத்தார். மேலே சிவப்புப் பெயின்ட்டில் எடையை எழுதியிருக்கிறேன். உட்காரப்போகும் இடத்தை இந்தப் பை இப்போதே பிடித்துவைத்திருக்கிறது என்று அவர் சொல்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சோதனைக் காலம் முடியும் முன் பின் எல்லைப் பக்கத்தையும் பறந்து பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கும் இதே பைகள் உதவுமா?

பதில் 5 — பழைய ஆர்வி

உதவும், அதற்காகவே நாங்கள் நான்கைந்து பைகளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்கிறோம். ஒரே தாவலில் போகாதீர்கள். இரண்டு பையோடு ஒரு நாள், நான்கோடு ஒரு நாள் என்று கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் தாளில் மையத்தைக் கணக்கிட்டு எழுதிய பிறகே புறப்படுங்கள். மையம் பின்னால் போகப் போக ஸ்டிக் இலேசாகும்; ட்ரிம் செய்து கையை எடுத்துவிட்டு மூக்கைச் சிறிது அசைத்துப் பார்த்தால், விமானம் பழைய வேகத்துக்குத் திரும்பி வர எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். திரும்பி வரவே தயங்கும் இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அச்சிட்ட எல்லைக்கு முன்னால் வந்தால், உங்கள் விமானத்தின் பின் எல்லை அதுவே.

இத்தனை பைகளை இருக்கையில் அடுக்கும்போது கைப்பிடிகளை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே உறுதியான பையில் போட்டு, இடுப்பு பெல்ட் அதன் நடுவிலும் தோள் பெல்ட் அதன் மேலும் வருமாறு இறுக்குங்கள். பிறகு கானப்பியை மூடும் முன் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஸ்டிக் வீட்டில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.